பட்டடை, பகை, மாத்திரை: இசைக்குள் போன வீட்டுச் சொற்கள்

பென்னலூரில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் லேத் ஓட்டும் அண்ணன் ஒருவர் உண்டு. கோயில் திருவிழாக்களில் ஆர்மோனியம் வாசிப்பார். ஒருநாள் டீ நேரத்தில் ஃபோனில் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "பிட்ச் எனக்கு ஒத்து வரல, அரைக்கட்டை இறக்கணும்" என்றார். பக்கத்தில் இருந்த டிரெய்னி பையன் அப்பாவியாகக் கேட்டான்: "பிட்ச் ஒன்னேகாலா, ஒன்றரையாண்ணா?"

பத்து மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மரை இடைவெளி வழக்கமாக 1.5, நைஸ் மரைக்கு 1.25. அவனுக்கு பிட்ச் என்றால் அதுதான். அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒன்றரைதான் தம்பி. ஆனா நீ நினைக்கிற ஒன்றரை இல்ல."

அவர் சொன்னது ஒன்றரைக் கட்டை. அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரைக்கு வித்து. பட்டறையைச் சுற்றிப் பார்த்தால் பாதி சாமான் இசைக்குச் சொந்தமான பெயரோடு கிடக்கிறது. அளக்கிற ஸ்கேல், ஷாஃப்டுக்கும் புல்லிக்கும் நடுவில் சொருகுகிற கீ, இரும்பு பார், தட்டையான ஃபிளாட், நீளமான வேலையைத் தாங்கிப் பிடிக்கிற ரெஸ்ட். இவை அத்தனையும் மேற்கத்திய இசைப் பாடத்திலும் வரும், வேறு பொருளில். ஸ்கேல் என்பது லத்தீனில் ஏணி. கீ என்பது சாவி. இசைத்தாளில் வரிக்கோட்டின் முதலில் போடும் கிளெஃப் என்ற குறியின் பெயரும் பிரெஞ்சில் சாவிதான். டோன் என்ற சொல் கிரேக்கத்தில் 'இழுத்துக் கட்டுவது' என்ற பொருளில் பிறந்தது. நரம்பை முறுக்கினால் சுரம் ஏறும், அவ்வளவுதான் விஷயம்.

இங்கிலீஷ்காரர்கள் வீட்டுச் சாமான்களின் பெயரை வைத்தே இசை இலக்கணம் எழுதிவிட்டார்கள், நமக்குத்தான் சட்சம், ரிஷபம், விவாதி என்று வாயில் நுழையாத சொற்கள் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். தேடிப் பார்த்தபோது நிலைமை தலைகீழ். தமிழ் இசை இலக்கணத்தின் பழைய சொற்களைப் போல எளிய சொற்களை வேறு எங்கும் பார்ப்பது கஷ்டம். அந்த எளிமையே பின்னால் பெரிய தலைவலியாகவும் ஆனது.

ஏழு பெயர்கள்

ஏழு சுரங்களுக்குத் தமிழ்ப் பெயர்கள்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இன்றைக்கு ஒருவர் இதைப் புதிதாகப் படித்தால் என்ன தோன்றும்? குரல் தொண்டையில் இருப்பது. துத்தம் என்றால் வயலுக்கும் மருந்துக்கும் பயன்படும் மயில்துத்தம். கைக்கிளை ஒருதலைக் காதல். உழை என்றால் 'வேலை செய்' என்று கட்டளை. இளி என்றால் பல்லைக் காட்டு. தாரம் என்றால் மனைவி. சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு உண்மை இருக்கிறது. பழகின சொல்லைப் பார்த்ததும் நம் மனம் தனக்குத் தெரிந்த பொருளைப் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடும். அகராதியைத் தேடாது.

இந்த ஏழுக்கும் சேர்த்துப் பொதுப்பெயர் நரம்பு. யாழில் கட்டியது நரம்பு, அதில் பிறக்கிற ஒலியும் நரம்பு. தொல்காப்பியம் இசைநூலையே 'நரம்பின் மறை' என்று குறிக்கிறது. கிரேக்கர்களும் இதே வேலையைத்தான் செய்தார்கள். அவர்களுடைய சுரப்பெயர்கள் லைர் என்ற கருவியின் தந்திகளின் பெயர்கள். அதில் 'உச்சி' என்று பெயர் வாங்கிய தந்தியின் ஒலிதான் ரொம்பத் தாழ்ந்தது. கருவியைப் பிடிக்கும்போது அது மேலே இருந்ததால் அந்தப் பெயர். தந்தி இருந்த இடம் தெரியாமல் வெறும் சொல்லை மட்டும் படித்தால் சுரவரிசையே கவிழ்ந்துவிடும்.

மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி என்று நாம் சொல்வதற்குத் தமிழ் வைத்த பெயர்கள் வலிவு, மெலிவு. நடுவில் இருப்பது சமன். உயரம், தாழ்வு என்ற கணக்கே இல்லை. பாடுகிறவன் உடம்பில் எவ்வளவு பலம் செலவாகிறது என்ற கணக்கு. ஏழு சுரமும் உள்ளது பண், ஐந்து உள்ளது திறம். பண் என்ற சொல்லுக்குச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் சொல்லும் காரணம் இன்னும் நேரடியானது: பண்ணுவதால் பண். உடம்பில் எட்டு இடங்களில் எட்டு வகைச் செயல்களால் ஒலியைப் பண்ணிப் படுக்கிறார்களாம். எடுத்தல், படுத்தல், நலிதல், கம்பிதம், குடிலம், ஒலி, உருட்டு, தாக்கு என்பவை அந்த எட்டுச் செயல்கள். இன்றைய காலேஜ் பையனிடம் 'இவர் நல்லா உருட்டுறார்' என்று ஒரு பாடகரைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள், வேறு அர்த்தம் வரும்.

சொந்தக்காரர்களும் எதிரிகளும்

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி சுரங்களுக்கு இடையிலான உறவைச் சொல்லும் நான்கு சொற்கள்: இணை, கிளை, பகை, நட்பு. ஒரு நரம்பில் நின்று எண்ணினால் ஐந்தாவது நரம்பு கிளை, அதாவது உறவு. நான்காவது நட்பு. மூன்றாவதும் ஆறாவதும் பகை.

வடமொழி நூல்கள் இதே விஷயத்தை வாதி, சம்வாதி, அனுவாதி, விவாதி என்கின்றன. வேர் 'வத்', பேசுதல். அங்கே சுரங்கள் ஒரு சபையில் பேசுகின்றன, ஒத்துப் பேசுகின்றன, மறுத்துப் பேசுகின்றன. வாதியை அரசன் என்றும் சம்வாதியை மந்திரி என்றும் உவமை சொல்வது வழக்கம். தமிழில் அரண்மனை இல்லை, குடும்பமும் ஊரும்தான். கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று போடுகிறோமே, ஏறக்குறைய அந்த அகராதியில் இருந்து எடுத்த சொற்கள்.

இது வெறும் அழகுக்காக வைத்த பெயர் இல்லை என்று ஏன் சொல்கிறேன்? சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவையைப் பாருங்கள். மதுரை ஆயர் சேரியில் கெட்ட நிமித்தங்கள் தெரிகின்றன. மாதரி ஏழு பெண்களை நிறுத்திக் குரவை ஆட வைக்கிறாள். ஆளுக்கு ஒரு சுரத்தின் பெயர். பிறகு குரல் என்ற பெண்ணை மாயவன் என்கிறாள், இளி என்ற பெண்ணைப் பலராமன் என்கிறாள், துத்தத்தைப் பின்னை என்கிறாள். குரலில் இருந்து எண்ணினால் இளி ஐந்தாவது, அதாவது கிளை. மாயவனுக்குப் பலராமன் யார்? அண்ணன். உறவு என்று இலக்கணம் சொல்லும் இடத்தில் கதை உடன்பிறந்தவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. இளங்கோவடிகள் இதை நினைத்தே செய்தார் என்பது என் வாசிப்பு. ஆனால் ஒன்று நிச்சயம்: சுரங்களை ஆட்களாக நிறுத்திப் பார்ப்பது அந்தக் காலத்துக்குப் புதிய யோசனையாக இருக்கவில்லை. கேட்பவர்களுக்குப் புரியும் என்று நம்பித்தான் காவியத்தில் வைத்திருக்கிறார்.

பகை என்ற சொல்தான் இன்று குழப்புகிறது. கீபோர்டில் ச, க, ப மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் காதுக்கு இனிமையாகத்தானே இருக்கிறது, மூன்றாவது நரம்பு எப்படிப் பகை ஆகும் என்று கேட்பார்கள். கிரேக்கர்களின் பழைய கணக்கிலும் மூன்றாம் சுரம் ஒத்துப்போகிற சுரங்களின் பட்டியலில் இல்லை. நான்கும் ஐந்தும் எட்டும்தான் அங்கே ஒத்தவை. காதால் மட்டும் சுருதி சேர்த்த உலகத்தில், எந்தச் சுரத்தை வைத்து இன்னொன்றைத் தப்பில்லாமல் கட்டலாம் என்பதுதான் முதல் கேள்வி. ஐந்தாம் சுரத்தையும் நான்காம் சுரத்தையும் காது உடனே பிடித்துக்கொள்ளும். மூன்றாவது அப்படி நிற்காது. பகை என்பதை 'கேட்க நன்றாக இல்லை' என்று படித்தால் தப்பு. 'இதை நம்பி நரம்பு கட்டாதே' என்று படித்தால் சரியாக உட்காருகிறது.

பட்டடை

எங்கள் பட்டறைக்கே வந்துவிட்டோம். அரங்கேற்று காதை உரையில் இளிக்கு இன்னொரு பெயர் வருகிறது: பட்டடை. கொல்லன் இரும்பை வைத்து அடிக்கிற அடைகல்லுக்குப் பெயர் அது. பட்டறை என்று நாம் சொல்வதும் அதோடு சேர்ந்த சொல்தான். இளியை ஏன் பட்டடை என்றார்கள்? எல்லாப் பண்ணுக்கும் அதுதான் அடிமணை என்று உரை காரணம் சொல்கிறது.

குரலை ஒன்றாக வைத்து இளியைக் கட்டு. இளியில் இருந்து அதன் ஐந்தாவதைக் கட்டு. அதில் இருந்து அடுத்தது. இப்படியே போனால் எல்லா நரம்பும் வந்துவிடும். இன்றைக்கும் தம்புராவில் ச, ப இரண்டையும் சேர்த்துவிட்டுத்தான் பாட உட்காருகிறார்கள். ஒரு சொல்லைக் கேட்டதும் அந்தச் சுரம் என்ன வேலை செய்கிறது என்று தெரிகிறது. பஞ்சமம் என்றால் ஐந்தாவது என்று மட்டும் தெரியும். பட்டடை என்றால் இதன் மேல் வைத்துத்தான் மற்றதை அடித்து எடுக்க வேண்டும் என்று தெரியும்.

மாத்திரை

இனி அந்தத் தலைவலி. ஒரு ஸ்தாயியை 22 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு நரம்புக்கும் இத்தனை என்று உரை கொடுக்கிறது. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. கூட்டினால் 22. இந்தப் பங்கை மாத்திரை என்றும் அலகு என்றும் சொல்வார்கள். மாத்திரை என்றால் இலக்கண வகுப்பில் எழுத்தின் கால அளவு, மருந்துக் கடையில் டேப்லெட். அலகு என்றால் பறவையின் மூக்கு, கோயிலில் குத்திக்கொள்வது. இங்கே சுரத்துக்கும் சுரத்துக்கும் உள்ள தூரம்.

கேள்வி இதுதான். 'துத்தத்துக்கு நான்கு' என்றால், துத்தத்துக்கு வந்து சேர நான்கா, துத்தத்தில் இருந்து புறப்பட நான்கா? 'கு' என்ற ஒரு வேற்றுமை உருபு. அன்றைக்கு யாழ் கையில் வைத்திருந்தவனுக்கு இது சந்தேகமாகவே இருந்திருக்காது. நமக்கு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வந்து சேரும் தூரம் என்று வைத்தால், குரலில் இருந்து துத்தம் 4, கைக்கிளை 7, உழை 9, இளி 13, விளரி 16, தாரம் 18. இன்றைய பாஷையில் இது அரிகாம்போதி. புறப்படும் தூரம் என்று வைத்தால் துத்தம் 4, கைக்கிளை 8, உழை 11, இளி 13, விளரி 17, தாரம் 20. மத்திமம் ஏறி, நிஷாதமும் ஏறிவிட்டது. இது கல்யாணி. ஒரே ஏழு எண்கள், ஒரே 22, ராகம் வேறு. இரண்டு கணக்கிலும் அசையாமல் 13-இல் நிற்பது இளி மட்டும்தான். துத்தமும் இரண்டிலும் 4-இல் நிற்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், முதல் இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பதால் வந்தது அது. ஆனால் நாட்டிய சாஸ்திரம் சம்வாதிக்குச் சொல்லும் இடைவெளி 9 அல்லது 13. இளி அதில் சரியாக விழுகிறது. பட்டடை என்று சும்மா பெயர் வைக்கவில்லை.

அந்த எண்களை மத்திமத்தில் இருந்து தொடங்கி நாட்டிய சாஸ்திரத்தின் சட்ச கிராமத்தோடு ஒப்பிட்டால் இன்னொன்று தெரியும். அங்கே ச 4, ரி 3, க 2, ம 4, ப 4, த 3, நி 2. மத்திமத்தில் தொடங்கிப் படித்தால் 4, 4, 3, 2, 4, 3, 2. தமிழ்க் கணக்கு அப்படியே. அப்படியானால் குரல் என்பது சட்சமா, மத்திமமா? தமிழிசை ஆராய்ச்சியில் நூறு வருஷமாக நடக்கிற சண்டைகளில் ஒன்று இது.

சொல்லைத் திரும்பத் தேடினவர்கள்

1892-இல் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் அச்சில் கொண்டுவந்தார். அதுவரைக்கும் இந்தச் சொற்கள் ஓலைக்குள் இருந்தன. அடியார்க்குநல்லாருக்கே பெருநாரை, பெருங்குருகு போன்ற பழைய இசைநூல்கள் கிடைக்கவில்லை. இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு என்று தாம் துணையாகக் கொண்ட நூல்களின் பெயரைச் சொல்கிறார். அவற்றில் பஞ்சமரபு 1970-களில்தான் அச்சுக்கு வந்தது.

புத்தகம் வந்த பிறகு இந்தச் சொற்களை முதலில் பிடித்து உலுக்கியவர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். தொழில் சித்த வைத்தியம். மாத்திரை விற்றுச் சம்பாதித்த பணத்தில் இசை மாநாடுகள் நடத்தினார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் தொடங்கினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய் வாதாடினார். 1917-இல் வந்த கருணாமிர்த சாகரம் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற கணக்கு சரியில்லை, 24 என்பதே அவர் கட்சி. ஒரு மாத்திரையை விற்று இன்னொரு மாத்திரையை எண்ணிய மனிதர்.

அடுத்தவர் மட்டக்களப்பு காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். பிறந்த வருஷமும் 1892. லண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டதாரி, அண்ணாமலையிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர். பௌதிகமும் கணக்கும் தெரிந்ததால் யாழின் நரம்புகளை எண்களாகப் பிடித்தார். யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அடுத்த மாதமே அவர் காலமானார். 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள் வருஷா வருஷம் இந்த விவாதத்தைத் தொடர்ந்தன. 1956-இல் எஸ்.இராமநாதன் சிலப்பதிகாரத்து இசை நுணுக்க விளக்கம் எழுதினார். அவர் எழுதவும் செய்தார், பாடியும் காட்டினார். முதற்பாலையான செம்பாலையை அரிகாம்போதி என்று இன்று பலரும் ஏற்பதற்கு அவர் பங்கு பெரியது.

இவர்கள் அத்தனை பேரும் உழைத்தது அகராதியில் இல்லாத சொல்லுக்காக இல்லை என்பதைக் கவனியுங்கள். குரல், பகை, பாலை, கிளை எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். 'மூர்ச்சனை' என்று ஒரு நூலில் இருந்தால் நின்று விசாரிப்போம். 'நட்பு' என்று இருந்தால் அப்படியே தாண்டிப் போய்விடுவோம். கடினமான சொல்லுக்கு வாசலில் பூட்டு தொங்கும், பூட்டு இருப்பதாவது தெரியும்.

இப்போதும் நடக்கிறது

ஆனால் இதை இழந்த பொருளின் கதையாக முடிக்க எனக்கு இஷ்டமில்லை. சபாவில் கச்சேரி முடிந்து வெளியே வருகிறவர்கள் பேசுவதைக் கேளுங்கள். சங்கதி நன்றாக விழுந்தது என்பார்கள். தெருவில் சங்கதி என்றால் செய்தி. நிரவல் என்பார்கள், மண்ணைக் கொட்டி நிரவுவது போல ஒரு வரியைத் தாளம் முழுக்கப் பரப்புவது. ராகத்தின் பிடி, மிருதங்கக் கோர்வை, அரை இடத்து எடுப்பு, புதிய உருப்படி. மெட்டு என்றால் பாட்டின் இசை. வீணையில் விரல் வைக்கும் பித்தளைக் கட்டும் மெட்டு. ராகப் பெயர்கள் வடமொழியில் இருந்தாலும் வேலை நடக்கும் இடத்தில் வீட்டுச் சொற்கள்தான்.

அதில் கடைசியாக வந்து சேர்ந்த கெட்டிக்காரச் சொல் கட்டை. ஐரோப்பாவில் இருந்து வந்த ஆர்மோனியத்தின் மரச் சாவிகளுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர். வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணினார்கள். நடுவில் வரும் கருப்புக்கு அரை. அதனால் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை உண்டு. மூன்றரைக் கட்டை கிடையாது, அந்த இடத்தில் கருப்பு இல்லை. இப்போது ஆர்மோனியம் இல்லாத மேடையிலும், எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியிலும் கட்டைதான் கணக்கு. மரம் போய்விட்டது, கட்டை நிற்கிறது. யாழ் போய் நரம்பு நின்ற மாதிரி.

இன்னும் முந்நூறு வருஷம் கழித்து ஒருவர் 'பாடகர் ஐந்து கட்டையில் பாடினார்' என்ற வரியைப் படித்துவிட்டு, ஐந்து மரத்துண்டுகளின் மேல் ஏறி நின்று பாடினாரோ என்று யோசிக்கலாம். மூன்றரை ஏன் இல்லை என்று யாராவது ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அவர் தப்பிப்பார். அடியார்க்குநல்லார் நமக்குச் செய்தது அந்த வேலைதான். பல இடங்களில் அவர் எழுதி வைத்ததால்தான் பட்டடை இன்று நமக்கு வெறும் இரும்பாக இல்லை.

அந்த டிரெய்னி பையன் மறுநாள் அண்ணனிடம் மறுபடி கேட்டான்: "ஒன்றரைக் கட்டைன்னா எத்தனை மில்லிமீட்டர்ணா?" இந்த முறை அண்ணன் சிரிக்கவில்லை. சாக்பீஸ் எடுத்துத் தரையில் ஏழு வெள்ளை, ஐந்து கருப்பு என்று ஆர்மோனியத்தை வரைந்து காட்ட உட்கார்ந்துவிட்டார்.